காப்புறுதி கூறுபவர் யார்? லகாட் வட்டாரத்தை முன்வைத்து ஒரு திறனாய்வு

முன்னுரை

தமிழில் 'இன்சூரன்ஸ்' என்னும் ஏற்பாட்டைக் குறிக்க இரு சொற்கள் வழங்கி வருகின்றன. மலேசியா, சிங்கப்பூர், இலங்கை ஆகிய நாடுகளில் 'காப்புறுதி' என்பது பெருவழக்கு. தமிழ்நாட்டில் 'காப்பீடு' என்பது பெருவழக்கு. இரண்டும் ஒரே பொருளன எனக் கொள்ளப்படினும், அச்சொற்களின் பிற்பகுதிகள் வெவ்வேறு கருத்துகளைச் சுமந்து நிற்கின்றன. 'ஈடு' என்பது இழப்பு நேர்ந்த பின்னர் அதற்கு நிகராகத் தரப்படும் பொருள். 'உறுதி' என்பது இழப்பு நேர்வதற்கு முன்னரே ஒருவர் மற்றொருவர்க்கு அளிக்கும் சொல். ஈட்டுக்குக் கணக்கு வேண்டும். உறுதிக்கோ அதனைக் கூறுபவர் ஒருவர் வேண்டும். நோயுற்றால் பார்த்துக்கொள்வோம் என்னும் அவ்வுறுதியை மலேசியத் தமிழர்க்கு, குறிப்பாகத் தோட்டப்புறத் தமிழர்க்குக் கூறியவர் யார்? மாநில அரசாங்கமா, கூட்டரசு அரசாங்கமா, அன்றி வேறொருவரா? இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வினா நூலகத்தில் தோன்றியதன்று. ஈப்போவை அடுத்த லகாட் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டிய என் தாயாரின் தகரப்பெட்டியில் ஒரு மருத்துவச் சீட்டு இன்றும் இருக்கிறது. அதன் தலைப்பில் தோட்டத்தின் பெயர். அதன்கீழ்த் தொழிலாளர் எண். அதற்கும் கீழே அவர் பெயர். 1990களில் அத்தோட்டம் விற்கப்பட்டபோது அச்சீட்டும் செல்லாததாயிற்று. அவருடைய இழுப்பு நோய் மட்டும் அவரோடு லயத்தை விட்டு வெளியேறியது.

திறனாய்வு என்பது கதைக்கும் கவிதைக்கும் மட்டும் உரிய முறையன்று. சட்டமும் ஒரு பனுவலே. கொள்கை அறிக்கையும் ஒரு பனுவலே. யாரை எழுவாயாகக் கொண்டு அவை பேசுகின்றன, எதனைக் கூறாது விடுகின்றன என்று நோக்குவது தமிழ் கற்பிப்போர்க்குப் பழகிய பணிதான். அம்முறையில் மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் அதிகாரப் பட்டியல்களும், தோட்டத் தொழிலாளர் சட்டங்களும், 2023ஆம் ஆண்டுச் சுகாதார வெள்ளையறிக்கையும் இங்கு வாசிக்கப்படுகின்றன.

1. பட்டியல்களின் மொழி

மலேசிய அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணை, அதிகாரங்களை மூன்று பட்டியல்களாகப் பகுக்கிறது. கூட்டரசுப் பட்டியலின் 14ஆம் கூறு மருத்துவம், சுகாதாரம், மருத்துவமனைகள், கிளினிக்குகள், தாய்சேய் நலம் ஆகியவற்றைக் கூட்டரசிடம் ஒப்படைக்கிறது. 15ஆம் கூறு தொழிலாளர் நலனையும் சமூகப் பாதுகாப்பையும் அதனிடமே அளிக்கிறது. காப்புறுதித் தொழிலும் கூட்டரசுப் பட்டியலிலேயே அடங்கும். பொதுச் சுகாதாரம், துப்புரவு, நோய்த்தடுப்பு ஆகியன பொதுப் பட்டியலின் 7ஆம் கூற்றில் இடம்பெற்று இரு அரசாங்கங்களுக்கும் உரியனவாகின்றன. மாநிலப் பட்டியலிலோ 2ஆம் கூறாக நிலமும், 4ஆம் கூறாக ஊராட்சியும் உள்ளன.

இந்திய அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணை இதற்கு நேர்மாறானது. அங்குப் பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலின் 6ஆம் கூறு. காப்பீடு ஒன்றியப் பட்டியலின் 47ஆம் கூறு. சமூகக் காப்பீடு பொதுப் பட்டியலின் 23ஆம் கூறு. ஆகவே, மக்கள் நலவாழ்வுக் காப்பீட்டுக்குப் பணம் தரவேண்டியவர் யார் என்னும் வழக்கு அங்கு ஓயாது நடக்கிறது. மலேசியாவில் அவ்வழக்கு எழுவதில்லை. மருத்துவமனை கூட்டரசினுடையது, செலவும் அதனுடையது என்பது 1957 முதல் ஏற்கப்பட்ட நிலை. வருமான வரியும் சுங்க வரியும் கூட்டரசைச் சேர்வன. மாநிலங்களின் சொந்த வருவாய் பெரும்பாலும் நிலம், காடு, கனிமம் ஆகியவற்றினின்று பெறப்படுவது. பணம் உள்ள இடத்தில் பொறுப்பும் இருப்பது முறையே. 2025ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் சுகாதார அமைச்சுக்கு 4,530 கோடி ரிங்கிட் ஒதுக்கப்பட்டது. அரசாங்க வெளிநோயாளர் பிரிவில் குடிமகன் செலுத்தும் ஒரு ரிங்கிட் இந்த ஏற்பாட்டின் எளிய அடையாளம். அது விலையன்று; பதிவுக் கட்டணம் மட்டுமே.

எனினும் இப்பட்டியல்களை ஊன்றி வாசிப்பார்க்கு ஓர் இடைவெளி புலப்படும். நோய்க்கு மருந்து தருவது ஒரு பட்டியலில் இருக்கிறது. நோய் பிறக்கும் மண் மற்றொரு பட்டியலில் இருக்கிறது. குடியிருப்பு எங்கு அமைய வேண்டும், கழிவுநீர் எங்குச் செல்ல வேண்டும், எந்நிலத்தை எப்பயனுக்கு மாற்றலாம் என்று முடிவுசெய்யும் மாநிலம், அம்முடிவின் மருத்துவச் செலவைத் தன் கணக்கில் காண்பதில்லை. இவ்விடைவெளி நகரத்தில் வாழ்வார்க்கு எளிதில் தெரியாது. தோட்டத்தில் வாழ்ந்தவர்க்குத் தெரியும். ஏனெனில் அங்கு இரு அரசாங்கங்களுக்கும் நடுவில் மூன்றாமவர் ஒருவர் இருந்தார்.

2. மூன்றாமவர்: தோட்ட முதலாளி

தோட்டப்புறத்தில் மருத்துவ உறுதியைக் கூறியவர் முதலாளி. அவர் தாமாகக் கூறவில்லை. சட்டம் அவரைக் கூறச்செய்தது. மலேரியாவும் வயிற்றுப்போக்கும் தமிழ்த் தொழிலாளர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்ற காலத்தில், கூட்டு மலாய் மாநிலங்களின் அரசாங்கம் தோட்டத் தொழிலாளர் சுகாதாரப் பாதுகாப்புச் சட்டத்தை 1911இல் இயற்றியது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தொகுப்பு முதலாளியின் மருத்துவக் கடமைகளைத் தொகுத்துரைத்தது. தோட்ட மருத்துவமனையும், அதன் பொறுப்பாளராகிய டிரசரும், ஆயாக்கொட்டகையும் இச்சட்டங்களின் நிழலில் வளர்ந்தவையாகும்.

இவ்வரலாற்றில் நம் ஆய்வாளர்கள் அதிகம் கவனியாத ஒரு நிகழ்ச்சி உண்டு. ஒவ்வொரு தோட்டமும் தனித்தனியே மருத்துவம் நடத்துவதால் பெருந்தோட்டத்துத் தொழிலாளிக்கு ஒரு தரமும் சிறுதோட்டத்துத் தொழிலாளிக்கு மற்றொரு தரமும் கிடைப்பதை 1920களின் நடுவில் அரசாங்கம் உணர்ந்தது. தோட்டங்களிடம் பணம் பெற்று, மருத்துவத்தையும் துப்புரவையும் பொதுவில் நடத்தச் சுகாதார வாரியங்களை அமைக்க 1926இல் சட்டம் இயற்றப்பட்டது. துறைமார்கள் இதனை எதிர்த்தனர். செலவு கூடும் என்றனர். தம் தோட்டத்தின் நிர்வாகத்தில் பிறர் தலையிடுவதை அவர்கள் விரும்பவில்லை. ரப்பர் விலை வீழ்ந்த 1930களின் தொடக்கத்தில் அத்திட்டம் கைவிடப்பட்டது. பலர் பணம் இட்டு ஒரு பொது நிதி உண்டாக்கி, அதனின்று நோயுற்றவரைக் காப்பது காப்புறுதியின் அடிப்படை எனில், தமிழ்த் தொழிலாளரைப் பெரிதும் தழுவிய பொதுக் காப்புறுதியின் முன்னோடி முயற்சி இதுவே எனலாம். ரப்பருக்கு விலை இருந்தவரை அது இருந்தது. இப்பாடம் பின்னர் நமக்குத் தேவைப்படும்.

விடுதலைக்குப் பின்னரும் இவ்வமைப்பு மாறவில்லை. 1965ஆம் ஆண்டுச் சட்டம் தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவுசெய்ய வகைசெய்தது. 1990ஆம் ஆண்டுத் தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டுவசதித் தரச் சட்டம் வீடு, குடிநீர், குழந்தைப் பராமரிப்பு ஆகியவற்றோடு மருத்துவத்தையும் முதலாளியின் கடமையாகத் தொடர்ந்து வைத்தது. சட்டம் கூட்டரசினுடையது, நிலம் மாநிலத்தின் ஆட்சிக்கு உட்பட்டது, செலவு முதலாளியினுடையது. இதில் தொழிலாளியின் உரிமை எதனோடு கட்டப்பட்டிருந்தது என்பதே முதன்மையான வினா. அவர் குடிமகன் என்பதனோடு அன்று. அவ்வூரில் வாழ்பவர் என்பதனோடும் அன்று. அத்தோட்டத்தின் பெயர்ப்பதிவேட்டில் உள்ளவர் என்பதனோடு மட்டுமே. என் தாயாரின் சீட்டில் தோட்டத்தின் பெயர் மேலும் அவர் பெயர் கீழும் இருந்தமைக்குக் காரணம் இதுவே.

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1957 முதல் 1959 வரை மலாயாவின் சுகாதார அமைச்சராகப் பணியாற்றினார். 1960இல் அவரது தலைமையில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. துண்டாடி விற்கப்படும் தோட்டங்களைத் தொழிலாளர்களே வாங்குவதற்காக எழுந்த முயற்சி அது. இவ்விரு பணிகளையும் தனித்தனியாகவே நாம் நினைவுகூர்கிறோம். ஆனால் தோட்டத் தொழிலாளிக்கு அவை ஒரே பொருளின் இரு பக்கங்கள். நிலம் கைமாறினால் வீடு போகும். வீட்டோடு பள்ளியும் மருத்துவமும் போகும்.

3. தோட்டம் கைமாறியபோது

கிந்தா பள்ளத்தாக்கு ஈயத்தால் அறியப்பட்டது. லகாட்டும் அதனைச் சூழ்ந்த மெங்லெம்பு, பாப்பான், பூசிங் ஆகிய ஊர்களும் சுரங்கக் குளங்களும் ரப்பர்த் தோட்டங்களும் அடுத்தடுத்துக் கிடந்த நிலப்பரப்பு. 1985இல் உலக ஈயச் சந்தை சரிந்தபின் சுரங்கங்கள் மூடப்பட்டன. ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கோ வீடமைப்புக்கோ இடம்விட்டன. ஈப்போ நகரம் பரவப் பரவ, ஏக்கர் கணக்கில் மதிப்பிடப்பட்ட நிலம் சதுர அடிக் கணக்கில் மதிப்பிடப்படலாயிற்று.

இம்மாற்றம் சட்டத்தின் வழியே நிகழ்ந்தது. 1965ஆம் ஆண்டுத் தேசிய நிலச் சட்டத்தொகுப்பின் 214அ பிரிவு, 40 எக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தை விற்கத் தோட்ட நில வாரியத்தின் ஒப்புதலைக் கோருகிறது. 124ஆம் பிரிவு நிலப்பயன் மாற்றத்தை மாநில அதிகாரத்திடம் வைக்கிறது. விவசாய நிலம் கட்டட நிலமாகும்போது மாநிலத்துக்குப் பிரீமியம் எனப்படும் மாற்றுக் கட்டணம் சேர்கிறது. பின்னர் ஆண்டுதோறும் நிலவரியும் உயர்கிறது. நிலம் மாறியதால் மாநிலம் வருவாய் பெறுகிறது. மேம்பாட்டாளர் இலாபம் பெறுகிறார். பழைய முதலாளி விற்பனைப் பணம் பெறுகிறார். தொழிலாளிக்குச் சட்டப்படி வேலைநீக்க இழப்பீடு கிடைக்கலாம். ஆனால் அவருடைய மருத்துவ உறுதியை அடுத்து ஏற்பவர் யார் என்று இவ்வொப்பந்தங்களில் எவரும் கேட்பதில்லை. மாநிலத்துக்கு மருத்துவம் தன் பட்டியலில் இல்லை. கூட்டரசுக்கு நிலம் தன் பட்டியலில் இல்லை.

தமிழாசிரியர்களுக்கு இந்நிலை புதிதன்று. தோட்ட நிலத்தில் நின்ற தமிழ்ப்பள்ளிகள், நிலம் அரசாங்கத்தினது அன்று என்னும் காரணத்தால் பகுதி உதவி பெறும் பள்ளிகளாகவே நெடுங்காலம் வைக்கப்பட்டன. கல்வி கூட்டரசின் பொறுப்பாயினும் கூரையைச் செப்பனிடப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் நிதி திரட்ட வேண்டியிருந்தது. தனியார் நிலம் என்பதாலேயே தோட்டத்துக்குள் சாலை, விளக்கு, குப்பை அகற்றல் ஆகிய ஊராட்சிப் பணிகளும் வரவில்லை. பள்ளிக்கு நேர்ந்ததும் மருத்துவத்துக்கு நேர்ந்ததும் ஒன்றே. ஆனால் பள்ளி ஒரு கட்டடமாகக் கண்முன் நின்றது. அதனைக் காக்க ஒரு சமூகம் திரண்டது. மருத்துவ உரிமை கண்ணுக்குத் தெரியாதது. அது மறைந்ததற்கு எவரும் மனு எழுதவில்லை.

4. புக்கிட் மேரா தரும் சான்று

அதிகாரங்கள் பிரிந்து கிடக்கையில் நோயின் செலவு எங்குச் சென்று சேரும் என்பதற்கு லகாட்டிலேயே ஒரு சான்று உண்டு. லகாட்டை அடுத்த புக்கிட் மேரா புதுக்கிராமத்தில், ஏசியன் ரேர் எர்த் என்னும் ஆலை 1982இல் இயங்கத் தொடங்கியது. ஈயம் எடுத்தபின் எஞ்சும் மணலிலுள்ள மோனசைட்டிலிருந்து அருமண் தனிமங்களைப் பிரித்தெடுப்பது அதன் தொழில். ஜப்பானின் மிட்சுபிஷி குழுமம் அதன் முதன்மைப் பங்குதாரர்களுள் ஒன்று. தோரியம் கலந்த கதிரியக்கக் கழிவை வைக்க இடம் தேடியபோது பாரிட், பாப்பான் ஆகிய ஊர்களின் மக்கள் அடுத்தடுத்து எதிர்த்தனர்.

1985இல் புக்கிட் மேரா மக்களின் சார்பில் எட்டுப் பேர் ஈப்போ உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். 1992 ஜூலை 11ஆம் நாள் ஆலையை மூடுமாறு தீர்ப்பு வந்தது. 1993 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. 1984ஆம் ஆண்டு அணுசக்தி உரிமச் சட்டத்தின்கீழ் அமைந்த வாரியத்திடம் மக்கள் முறையிட்டிருக்க வேண்டும் என்பது அதன் காரணங்களுள் ஒன்று. 1994இல் நிறுவனம் தானே ஆலையை மூடுவதாக அறிவித்தது. பின்னர்த் தூய்மைப்பணிக்குச் சுமார் பத்துக் கோடி அமெரிக்க டாலர் செலவானதாக 2011இல் செய்திகள் வெளிவந்தன.

இவ்வழக்கில் யார் யார் என்ன பொறுப்பேற்றனர் என்று வரிசைப்படுத்திப் பார்க்கலாம். உரிமம் வழங்குவது கூட்டரசு வாரியத்தின் பொறுப்பு. கழிவுக்கு நிலம் அளிப்பது மாநிலத்தின் அதிகாரம். மண்ணைத் தூய்மையாக்கியது நிறுவனம். குழந்தைகளின் இரத்தப்புற்று உள்ளிட்ட நோய்களுக்கு ஆலையே காரணம் என மக்கள் கூறினர். நிறுவனம் அதனை ஏற்கவில்லை. மருத்துவ அறிவியல் அடிப்படையில் அக்காரண காரியத் தொடர்பு குறித்து வழக்கில் இரு தரப்பு வல்லுநர்களும் முரண்பட்டனர். ஆயினும் ஒன்று தெளிவு: அவ்வூரின் நோயாளிகளை வாழ்நாள் முழுதும் காக்கும் நிதி ஒன்று இவ்வழக்கினின்று பிறக்கவில்லை. மண்ணுக்குக் கிடைத்த உறுதி மனிதர்க்குக் கிடைக்கவில்லை. அரசாங்க மருத்துவமனையின் ஒரு ரிங்கிட் வாயில் திறந்திருந்தது என்பது உண்மை. ஆனால் பிள்ளையைக் கவனிக்க வேலையை விட்ட தாயின் கூலியும், கோலாலம்பூருக்குச் சென்றுவரும் பயணச் செலவும் எந்த அரசாங்கத்தின் பட்டியலிலும் இடம்பெறுவதில்லை.

புக்கிட் மேரா பெரும்பாலும் சீனர் வாழும் புதுக்கிராமம். அருகிலிருந்த தோட்டங்கள் தமிழர் வாழ்ந்தவை. இரு சமூகங்களையும் வெவ்வேறு வரலாறாகப் படிக்கும் பழக்கம் நமக்கு உண்டு. மருத்துவச் செலவை ஏற்பது யார் என்னும் வினாவில் இரண்டும் ஒரே வரலாறே.

5. பிற நாடுகளின் படிப்பினை

மாநிலங்களே பொறுப்பேற்றால் நிலைமை சீராகுமா? இந்திய அனுபவம் இருபுறமும் பேசுகிறது. ஆந்திர மாநிலம் 2007இல் ஆரோக்கியஸ்ரீ திட்டத்தைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. 2012இல் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மறுவடிவம் பெற்று, ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களைத் தழுவியது. ஒன்றிய அரசு தனது தற்போதைய திட்டத்தை 2018இல் கொணர்ந்தது. ஆகவே மாநிலம் முன்சென்று, ஒன்றியம் பின்தொடர்ந்தது எனலாம். ஒன்றியத் திட்டத்தின் செலவு பெரும்பாலான மாநிலங்களில் 60க்கு 40 என்னும் விகிதத்தில் பகிரப்படுகிறது. ஆனால் ஒன்றியம் 60 விழுக்காடு தருவது தான் ஏற்ற ஏழைகளின் பட்டியலுக்கு மட்டுமே. தமிழ்நாட்டின் பட்டியல் அதனினும் பெரிது. மிகுதியான குடும்பங்களின் சுமை மாநிலத்தினுடையது. செலவைப் பகிர்வதினும், யார் பெயர் பட்டியலில் இடம்பெறும் என்பதை யார் முடிவுசெய்கிறார் என்பதே பெரிய அதிகாரம் என்பது இதன் படிப்பினை.

தோட்டத் தொழிலாளர் நிலையிலும் ஒப்புமை உண்டு. இந்தியாவின் 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் மருத்துவத்தை முதலாளியின் கடமையாக்கியது. இலங்கை மலையகத்தில் தோட்ட மருத்துவமனைகளை அரசின் பொதுச் சுகாதார அமைப்புக்குள் கொணரும் பணி 1990களில் தொடங்கி மிக மெதுவாகவே நடந்தது. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தால் சுகாதாரப் பணிகளில் ஒரு பகுதி மாகாண சபைகளிடம் சென்றமையால், கொழும்பும் மாகாணமும் தோட்டக் கம்பெனியும் என அங்கும் மூவர் ஆயினர். ஈப்போவிலும் வால்பாறையிலும் அட்டனிலும் தமிழ்த் தொழிலாளி ஒரே வகையான இடைவெளியில் நின்றார் என்பது தற்செயலன்று. ஒரே குடியேற்ற ஆட்சி வகுத்த தோட்ட முறையின் விளைவு.

கனடாவின் வழி வேறு. சஸ்காச்சுவான் மாநிலம் 1947இல் மருத்துவமனைக் காப்புறுதியையும் 1962இல் மருத்துவர் சேவைக் காப்புறுதியையும் தொடங்கியது. 1957இல் இயற்றப்பட்ட கூட்டரசுச் சட்டம் மருத்துவமனைக் காப்புறுதிச் செலவில் ஏறத்தாழப் பாதியை ஏற்றது. 1984ஆம் ஆண்டுக் கனடாச் சுகாதாரச் சட்டம், கூட்டரசின் பணம் வேண்டும் மாநிலங்கள் அனைவரையும் தழுவ வேண்டும், ஒரு மாநிலத்திலிருந்து மற்றொரு மாநிலத்துக்குச் செல்வார்க்கும் உரிமை தொடர வேண்டும் என்று விதித்தது. உரிமை வசிப்பிடத்தோடு கட்டப்பட்டது, வேலையோடு அன்று. முதலாளி மாறினும் மருத்துவச் சீட்டு செல்லும்.

6. வெள்ளையறிக்கை கூறுவதும் கூறாததும்

மலேசியாவில் சமூகச் சுகாதாரக் காப்புறுதி பற்றிய எண்ணம் 1980கள் முதல் மீளமீள எழுந்து வருவது. 2009ஐ ஒட்டி 'ஒரே பராமரிப்பு' என்னும் பொருள்பட 'ஒன் கேர்' எனப் பெயரிடப்பட்ட திட்டம் விவாதிக்கப்பட்டு, 2012இல் எழுந்த பொதுமக்கள் எதிர்ப்புக்குப்பின் ஒதுக்கி வைக்கப்பட்டது. 2017இல் சிலாங்கூர் மாநில அரசாங்கம், குறைந்த வருமானக் குடும்பங்கள் தனியார் கிளினிக்குகளில் சிகிச்சை பெற 'பெடுலி சிஹாட்' திட்டத்தைத் தொடங்கியது. மருத்துவம் கூட்டரசுப் பட்டியலில் இருந்தும் ஒரு மாநிலம் பணம் செலவிட இயலும் என்பதற்கு இது சான்று. வருவாய் மிக்க சிலாங்கூருக்கு இயல்வது பேராக்குக்கு இயலுமா என்பது வேறு வினா. 2019இல் கூட்டரசு 'மைசலாம்', 'பெக்கா பி40' ஆகிய திட்டங்களைத் தொடங்கியது.

2023 ஜூனில் நாடாளுமன்றம் ஏற்ற சுகாதார வெள்ளையறிக்கை, பதினைந்து ஆண்டுகளுக்கான சீர்திருத்தத்தை நான்கு தூண்களாக வகுத்துரைக்கிறது. அவற்றுள் ஒன்று நிதி. பொதுச் சுகாதாரச் செலவை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 5 விழுக்காடாக உயர்த்துவது, தனியான சுகாதார நிதி ஒன்றை அமைப்பது, மக்களின் சார்பில் சேவையை வாங்கும் ஓர் அமைப்பை உருவாக்குவது ஆகிய எண்ணங்களை அது முன்வைக்கிறது. நோய் வந்தபின் சிகிச்சை என்பதினின்று நோய்த்தடுப்புக்கு நகரவேண்டும் என்னும் அதன் நோக்கமும் பாராட்டத்தக்கது. தனியார் காப்புறுதிக் கட்டணங்கள் உயர்ந்து, 2024 டிசம்பரில் அவ்வுயர்வைக் குறைந்தது மூன்றாண்டுகளுக்குப் பரப்புமாறு தேசிய வங்கி தலையிட நேர்ந்த சூழலில், பொது நிதியின் தேவை மேலும் புலனாகிறது.

எனினும் அவ்வறிக்கையின் நிதிப்பகுதி கூட்டரசையே எழுவாயாகக் கொண்டு பேசுகிறது. நிலத்தின்மீது முடிவெடுக்கும் மாநிலம், அம்முடிவின் சுகாதார விளைவுக்குப் பங்களிக்க வேண்டுமா என்னும் வினா அதன் மையத்தில் இல்லை. இரண்டாவது குறை இதனினும் ஆழமானது. புதிய நிதிக்குச் சந்தா வேண்டுமெனில், மிக எளிய வழி ஊழியர் சேமநிதி, சொக்சோ ஆகியவற்றைப் போலச் சம்பளத்தில் பிடிப்பதே. அவ்வழியைத் தேர்ந்தால் உரிமை மீண்டும் வேலையோடு கட்டப்படும். 1926ஆம் ஆண்டுச் சட்டத்தின் கதை நமக்குக் கூறுவது யாது? முதலாளியின் பணத்தை நம்பிய பொது நிதி முதலாளியின் சந்தையோடு வீழ்ந்தது. தோட்டம் விட்டு வந்து, ஒப்பந்தத் துப்புரவுப் பணியிலும் வீட்டு வேலையிலும் நாட்கூலியிலும் வாழ்வார்க்குச் சம்பளச் சீட்டே இல்லை. பெயர்ப்பதிவேட்டில் இல்லாதவர் மீண்டும் வெளியில் நிற்பார்.

7. எதிர்வாதங்கள்

இங்கு இரு மறுப்புகள் எழக்கூடும். முதலாவது, மாநிலங்களிடம் பணம் இல்லை என்பது. இதில் உண்மை உண்டு. சுகாதாரக் காப்புறுதியின் முழுச் சுமையையும் பேராக்கின்மீது ஏற்றினால், சிலாங்கூரில் பிறந்த நோயாளிக்கும் லகாட்டில் பிறந்த நோயாளிக்கும் இரு வேறு உரிமைகள் உண்டாகும். ஆகவே அடிப்படை நிதி கூட்டரசின் பொது வருவாயினின்றே வரவேண்டும் என்பதில் ஐயமில்லை. கேட்கப்படுவது வேறு. தோட்ட நிலம் கட்டட நிலமாக மாறும்போது மாநிலம் பெறும் பிரீமியத்தில் ஒரு சிறு பங்கேனும், அந்நிலத்தினின்று அகற்றப்பட்ட மக்கள் குடியேறும் இடத்தின் அடிப்படை மருத்துவத்துக்கும் நோய்த்தடுப்புக்கும் உரியதாக வேண்டும். பொதுச் சுகாதாரமும் நோய்த்தடுப்பும் பொதுப் பட்டியலில் இருப்பதால் இதற்கு அரசியலமைப்பைத் திருத்த வேண்டியதில்லை.

இரண்டாவது மறுப்பு, ஒரு ரிங்கிட்டுக்கு மருத்துவம் கிடைக்கும் நாட்டில் காப்புறுதி எதற்கு என்பது. இது வலுவான மறுப்பு, எளிதில் தள்ளத்தக்கதன்று. வரிப்பணத்தால் நடக்கும் மருத்துவமே மிகப் பரந்த காப்புறுதி என்பதை இக்கட்டுரையும் ஏற்கிறது. ஆனால் அம்மருத்துவமனைகளில் காத்திருப்பு நீள்கிறது; இயன்றவர் தனியாரிடம் செல்கின்றனர்; இயலாதவர் காத்திருக்கின்றனர். இந்நிலை தொடர்ந்தால் ஒரு ரிங்கிட் வாயில் ஏழைகளுக்கு மட்டும் உரியதாகி, அதற்காகக் குரல்கொடுப்பார் குறைவர். காப்புறுதி பற்றிய விவாதம் அவ்வாயிலை அடைப்பதற்கன்று, வலுப்படுத்துவதற்காக நடைபெற வேண்டும்.

முடிவுரை

மாநிலமா கூட்டரசா என்னும் வினாவுக்கு மலேசிய அரசியலமைப்பு 1957இலேயே விடை கூறிவிட்டது போலத் தோன்றும். லகாட்டில் நின்று நோக்கினால் அவ்விடை முழுமையானதன்று என்பது விளங்கும். கூட்டரசு மருந்தைத் தந்தது. மாநிலம் நிலத்தை மாற்றியது. முதலாளி சட்டத்துக்கு அஞ்சி ஓர் உறுதியைக் கூறி, நிலத்தை விற்றபோது அவ்வுறுதியை எடுத்துச் சென்றார். அவர் விட்டுச் சென்ற இடத்தை நிரப்ப வேண்டிய கடமை எவர்க்கும் பெயரிட்டு எழுதப்படவில்லை. புதிய காப்புறுதிச் சட்டம் ஒன்று வருமாயின், அதில் நாம் முதலில் தேட வேண்டியது விகிதங்களை அன்று. உரிமை எதனோடு கட்டப்பட்டுள்ளது என்பதைத்தான்.

என் தாயார் இன்று அரசாங்கக் கிளினிக்கில் தம் அடையாள அட்டையைக் காட்டி இழுப்பு நோய்க்கு மருந்து பெறுகிறார். அவ்வட்டையில் எந்தத் தோட்டத்தின் பெயரும் இல்லை. அவர் பெயரே இருக்கிறது. தோட்டச் சீட்டினின்று அடையாள அட்டைக்கு வந்து சேர நம் மக்களுக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆயிற்று. எந்தச் சீர்திருத்தமும் அவ்வட்டையை மீண்டும் ஒரு தோட்டச் சீட்டாக ஆக்கிவிடலாகாது. ஈடு கணக்கிடுவார் பலர் இருக்கலாம். உறுதி கூறுபவர் அரசாகவே இருத்தல் வேண்டும்.